தாம்பரம் வண்டியில் சொன்ன நேற்றுகள்

இன்று காலை சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். கோவிலம்பாக்கத்துக் கடைகளில் இப்போது உரித்த வெங்காயத்தையே பையில் போட்டு விற்கிறார்கள். எனக்கென்னவோ அதை வாங்க மனம் வருவதில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தால், அந்தக் கார வாசனை விரலில் ஏறியதும் நீ எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறாய். "ஏமாத்தாதடி. தப்பா சொன்னே இல்ல? எடு, இன்னும் ரெண்டு எடு" என்று என் பக்கம் வெங்காயத்தைத் தள்ளுகிறாய். வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுத வந்துவிட்டேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் உன் மகள் அமெரிக்காவிலிருந்து போன் செய்வாள். நீ கண்ணை மூடிய பிறகு வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். சாப்பிட்டீங்களா, மழை பெய்ததா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று எல்லாம் இங்கிலீஷில்தான். நானும் எஸ், நோ, ஓகே என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் திடீரென்று கேட்டாள். அம்மாவும் அப்பாவும் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டார்கள்? அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது எப்படி இருந்தாள்? அப்பாவைக் கேட்டால் 'சின்னக் கல்யாணம்' என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுகிறாராம். "நீங்கள்தானே அவளுக்குத் தோழி, நீங்கள் சொல்லுங்கள் ஆன்ட்டி" என்றாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டுவிட்டேன்.

வாரம் முழுக்க இதே யோசனைதான். என் இங்கிலீஷ் துருப்பிடித்துக் கிடக்கிறது என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், நீ பெற்ற மகளுக்கே சொல்லாத கதையை நான் சொல்லலாமா என்பது. யாரைக் கேட்பது? உன்னைத்தான் கேட்க வேண்டும்.

நாம் எப்படி இங்கிலீஷ் பேச ஆரம்பித்தோம் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பாரிமுனையில் நம் ஆபீஸ். நான் டைப்பிஸ்ட், நீ தபால் அனுப்பும் செக்‌ஷன். இரண்டு பேரும் தமிழ் மீடியம். நாளெல்லாம் நான் அடித்துத் தள்ளியது இங்கிலீஷ்தான். 'தங்கள் கடிதம் குறித்து மேற்கொண்டு தெரிவிப்பது என்னவெனில்' என்பதை இங்கிலீஷில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். ஆனால் நேற்று ராத்திரி நான் உப்புமா தின்றேன் என்று சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐந்து காப்பி கார்பன் வைத்து அடிக்கிறவளுக்கு 'ஈட்' போய் 'ஏட்' ஆகும் என்பது தெரியவில்லை. ஆபீஸ் கடிதத்தில் யாரும் உப்புமா தின்பதில்லை, அதுதான் காரணம்.

உனக்கு அப்போது அது உயிர்ப் பிரச்சினை. உன் வீட்டுக்காரர் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர், தொழிற்சாலையில் ஃபிட்டர். அமெரிக்காவில் நர்ஸாக இருந்த அவருடைய அக்கா விசாவுக்கு எழுதிக் கொடுத்து, அவர் முன்னாலேயே அங்கே போய்விட்டார். நீ கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில். உன்னையும் குழந்தையையும் அவர் அழைத்துக்கொள்வதற்கு நடுவில் நின்றது ஒரே ஒரு விசா இன்டர்வியூ. அதைப் பற்றி ஆபீஸில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வெள்ளைக்காரன் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எல்லாம் நடந்து முடிந்ததாகவே கேட்பானாம். எப்போது பார்த்தாய், எங்கே கல்யாணம், யார் யார் வந்தார்கள், என்ன சமைத்தார்கள். ஒரு வார்த்தை தடுமாறினாலும் கல்யாணமே பொய் என்று சீட்டைக் கிழித்துவிடுவானாம். மற்றவர்கள் தடித்தடியாக ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். உன் கல்யாணத்துக்கு ஆல்பம் கிடையாது. ஒரு போட்டோகூடக் கிடையாது. ரிஜிஸ்டர் ஆபீஸ் கொடுத்த தாளும் உன் வாயும்தான் உனக்கு ஆதாரம்.

"எனக்குப் பாஸ்ட் டென்ஸ் வேணும்டி" என்று நீ டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னது ஞாபகம் இருக்கிறது. மாங்காய் ஊறுகாய் வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னாய்.

பீச் ஸ்டேஷனில் வண்டி கிளம்புவதால் நமக்குப் பெண்கள் பெட்டியில் எப்போதும் உட்கார இடம் கிடைத்துவிடும். நான் குரோம்பேட்டையில் இறங்க வேண்டும். நீ தாம்பரம் போய் அங்கிருந்து பஸ். சாயங்கால வண்டியில் நம் பெட்டி ஓடுகிற சமையல்கட்டு மாதிரிதான் இருக்கும். ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி அவரைக்காய்க்கு நார் எடுப்பாள், ஒருத்தி பூத் தொடுப்பாள். வீட்டுக்குப் போய் உட்கார நேரமில்லாத பெண்கள் எல்லோரும். நாம் வெங்காயம். அதில் உனக்கு ஒரு யோசனை வந்தது. நேற்று என்ன செய்தோம் என்று மாற்றி மாற்றி இங்கிலீஷில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவள் மற்றவளுடைய வெங்காயத்தையும் உரிக்க வேண்டும்.

உன் மச்சினன் பையனுடைய பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றைப் பையில் வைத்திருந்தாய். அதிலிருந்த வினைச்சொற்களை நீ மூன்று சாதியாகப் பிரித்தாய். பின்னால் ஒரு 'டு' ஒட்டினால் சத்தமில்லாமல் நேற்றைக்குப் போய்விடுகிறவை: குக், குக்டு, வாஷ், வாஷ்டு. இவை அடக்கமானவை. 'கோ' போய் 'வென்ட்' ஆவது, 'பை' போய் 'பாட்' ஆவது போல ஆளே மாறிவிடுகிறவை அடங்காப்பிடாரிகள். 'கட்', 'புட்' என்று எது நடந்தாலும் அசையாமல் இருக்கிறவை மூன்றாவது. "இதுங்கல்லாம் நம்ம சூப்பிரண்டு மாதிரி. பூகம்பமே வந்தாலும் அப்படியே உக்காந்திருக்கும்" என்றாய். 'டிட்' வந்தால் மட்டும் எல்லா வினையும் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பழைய உருவத்துக்கு வந்துவிட வேண்டும். அதில் மட்டும் நான் தேறவே இல்லை. 'ஐ டிட் நாட் வென்ட்' என்று சொல்லிச் சொல்லியே எத்தனை படி வெங்காயம் உரித்திருப்பேனோ.

யார் சொன்னது சரி, யார் சொன்னது தப்பு என்று நமக்குள் சண்டை வரும். அதைத் தீர்த்து வைத்தது தேசம்மா. மாம்பலத்தில் விற்றது போக மிச்சக் காயோடு கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறுவாளே, அவள்தான். நமக்கு வெங்காயம் விற்றதும் அவள்தான்.

"இன்னாம்மா, தெனமும் ரெண்டு பேரும் இங்கிலீசுல சண்ட போட்டுக்கினு வர்றீங்க? புருசங்காரன் காதுல வுழக்கூடாத விசயமா?" என்று முதல் நாள் கேட்டாள்.

நீ விவரத்தைச் சொன்னதும் கூடையை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "சரி, பேசு. நான் சொல்றேன் எது தப்புன்னு."

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"அது இன்னாத்துக்கு? மூஞ்சியப் பாத்தா தெரியாது? பொய் சொல்ற பொம்பளையும் தப்பா சொல்ற பொம்பளையும் ஒரே மாதிரிதான் முழிப்பா. தோ, இந்தம்மா இப்ப முழிச்சுது. நீ உரி."

புத்தகத்தில் சரிபார்த்தால் அவள் சொன்னதுதான் பெரும்பாலும் சரியாக இருந்தது. நான் முழிப்பதை என்னால் நிறுத்த முடிந்ததே இல்லை.

ஆனால் நேற்று என்று ஒன்று எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, பார். எழுந்தேன், சமைத்தேன், துவைத்தேன், தூங்கினேன். திங்கட்கிழமை சொன்னதையே வெள்ளிக்கிழமையும் சொன்னேன். என் வாழ்க்கையில் மொத்தமே நாலைந்து வினைச்சொல்தான் இருக்கிறது என்று அந்த வண்டியில்தான் எனக்குத் தெரிந்தது. தம்பிகள் இரண்டு பேரையும் படிக்கவைக்க வேண்டும், அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும். இதற்குள் வேறு எதையும் செய்ய நேரமும் இல்லை, தோன்றவும் இல்லை. உனக்கும் அதே கதைதான், குழந்தைக்குச் சோறு ஊட்டியது மட்டும் கூடுதல்.

"நேத்து முடிஞ்சுபோச்சுடி. இனிமே பின்னாடி போகலாம்" என்றாய் ஒருநாள்.

அப்படித்தான் நாம் பின்னால் போனோம். போன வருஷம், அதற்கு முந்தைய வருஷம், கல்லூரி, பள்ளிக்கூடம். நீ எட்டாவது படிக்கும்போது நங்கநல்லூர்த் தெருவில் அப்பாவின் சைக்கிளைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போய் மாட்டின்மேல் மோதினாயாம். "த கவ் டிட் நாட் ஃபால். ஐ ஃபெல்" என்று நீ சொன்னபோது பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். பாட்டுப் போட்டியில் பாதிப் பாட்டு மறந்துபோய், முதல் பாதியையே இரண்டு தடவை பாடி இரண்டாம் பரிசு வாங்கினாய். உன் அம்மா ராத்திரி பத்து மணிக்குப் பாலில் உறை ஊற்றிவிட்டு, பாத்திரத்தை மூடி அந்த மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பாளாம். எதற்கென்று நீ கேட்கவில்லை. இங்கிலீஷில் நமக்கு இருந்தது கொஞ்சம் வார்த்தைதான். அதனால் அலங்காரம் பண்ண முடியாது, சமாளிக்க முடியாது, பாதியில் பேச்சை மாற்றவும் முடியாது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டியதுதான்.

அதனால்தான் நானும் அதைச் சொன்னேன். எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் இருந்தவரைப் பற்றி. தமிழில் அம்மாவிடமோ தோழியிடமோ சாமியிடமோகூட நான் சொன்னது இல்லை. "ஐ லைக்டு ஹிம். ஹீ டிட் நாட் நோ. ஹீ மேரீடு." மூன்றே வாக்கியம். மூன்றும் சரி. புத்தகத்தைப் பார்க்காமலே தெரிந்தது. தேசம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தம்மா இன்னிக்கு முழிக்கவே இல்லியே" என்றாள். நீ என் மடியிலிருந்த வெங்காயத்தை எல்லாம் எடுத்து உன் மடியில் போட்டுக்கொண்டாய். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உன்னிடம் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. பரங்கிமலை தாண்டியதும் பேச்சை நிறுத்திவிடுவாய். பழவந்தாங்கல் வரும்போது தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாக உரிப்பாய். மீனம்பாக்கம் வந்தால்தான் நிமிர்வாய். நங்கநல்லூர்க்காரர்கள் இறங்குகிற ஸ்டேஷன் பழவந்தாங்கல். உன் அப்பாவோ தெரிந்தவர்களோ பிளாட்பாரத்தில் நிற்கக்கூடும் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

பின்னால் போய்ப் போய்க் கடைசியில் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தோம். அது எல்லாவற்றுக்கும் முன்னாலேயே வந்திருக்க வேண்டிய பாடம். இன்டர்வியூவுக்கு வேண்டியது அதுதான். நீ அதைச் சுற்றிச் சுற்றி வந்தாயே தவிரத் தொடவில்லை. தேதி வந்த பிறகு வேறு வழியில்லாமல் போயிற்று. நான்தான் வெள்ளைக்காரன்.

"ஹூ கேம் டு யுவர் வெட்டிங்?" என்று கேட்டேன்.

கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டாய். பல்லாவரம் ரிஜிஸ்டர் ஆபீஸ். சாட்சிக்கு அவருடைய தொழிற்சாலை நண்பர்கள். உன் அப்பா வரவில்லை. உன் வீட்டுக்காரர் வேறு மதம், வேறு சாதி என்று அப்பா கதவைச் சாத்திவிட்டார். எதிர்ப்பக்கம் ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் ஸ்டாப். கையெழுத்துப் போட்டுவிட்டு நீ வெளியே வந்தபோது அங்கே உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தடுக்க வந்தாளா, பார்க்க வந்தாளா என்று உனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் லாரி போய்க்கொண்டிருந்தது. நீ இந்தப் பக்கம் மாலையோடு. அவள் அந்தப் பக்கம் மஞ்சள் பையோடு. ஒரு பஸ் வந்து நின்றது. பஸ் போன பிறகு அவள் அங்கே இல்லை.

இதை நீ இங்கிலீஷில் சொன்னாய். ஷீ ஸ்டுட். ஷீ டிட் நாட் கம் இன். த பஸ் கேம். ஷீ வென்ட். ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை. வண்டி குரோம்பேட்டைக்கு வந்துவிட்டது. நான் இறங்கவில்லை. உன்னோடு தாம்பரம்வரை வந்து, உன்னை ராஜகீழ்ப்பாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.

இன்டர்வியூ அன்று நீ லீவு. மறுநாள் ஆபீஸில் கேட்டதற்கு "சாயங்காலம் சொல்றேன்" என்றவள், மாம்பலத்தில் தேசம்மா ஏறியதும் சிரிக்கத் தொடங்கினாய். சிரிப்பை அடக்கிவிட்டுத்தான் சொல்ல முடிந்தது.

"அவங்க இங்கிலீஷ்ல கேக்கவே இல்லடி! பக்கத்துல ஒரு தமிழ் அம்மா. அந்த ஆளு கேக்கறத அந்தம்மா தமிழ்ல மாத்திக் கேக்கறாங்க. 'கல்யாணத்துக்கு யாரெல்லாம் வந்தாங்கம்மா'ன்னு."

நான் குறுக்கிட்டேன். "அப்போ இத்தனை நாள் உரிச்சதெல்லாம்?"

"கேளேன். நான் தமிழ்லதான் ஆரம்பிச்சேன். 'எங்கம்மா'ன்னு சொன்னேன் பாரு, அதுக்கு மேல வரல. அழுகையா பொங்கிடுச்சு. அந்தம்மா தண்ணி குடிக்கிறியான்னு கேக்கறாங்க. அந்த ஆளு வாட்சைப் பாக்கறான். அவ்ளோதான், போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் இந்தத் தேசம்மா மூஞ்சியை நெனச்சுக்கிட்டேன். இங்கிலீஷ்ல சொன்னேன். கடகடன்னு வந்துது. கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வரல."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டான். டிட் ஷீ வேவ்னு. எனக்குப் புரியல. கையை ஆட்டிக் காட்டினான். நோ, ஷீ டிட் நாட்னேன். கொஞ்ச நேரம் பேனாவையே பாத்துட்டிருந்தான். அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டான்."

தேசம்மா கூடையிலிருந்து ஒரு முழம் பூவை எடுத்து உன் தலையில் வைத்தாள். நானும் சிரித்தேன். சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். உன் வாயில் ஒவ்வொரு வினையும் சரியாகச் சரியாக நீ ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போய்க்கொண்டிருந்தாய் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டேதான் தினமும் கேள்வி கேட்டேன். வேறென்ன செய்வேன்? நீ போய்ச் சேர வேண்டிய இடம் அது.

நீ அமெரிக்கா போன பிறகு கொஞ்ச நாள் அதே வண்டியில்தான் வந்தேன். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கினால் எட்டிப் பார்ப்பேன், ஏதோ நீ அடுத்த வாரமே திரும்பிவிடுவாய் என்பது போல. "எங்கேம்மா உன் இங்கிலீசு? பூட்ச்சா?" என்று கேட்டாள் தேசம்மா. பூட்ச்சு, போயே போயிற்று என்றேன். அவள் அன்றைக்கு வெங்காயத்தை உரித்தே கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் அடுத்த வண்டிக்கு மாறிக்கொண்டேன்.

அப்புறம் எவ்வளவோ ஆயிற்று. போனில் பேசினோம். போனில் நாம் தமிழில்தான் பேசினோம். அது நன்றாகவே இல்லை. சௌக்கியமா, சௌக்கியம், குழந்தை எப்படி இருக்கிறாள், தம்பிக்குக் கல்யாணமா என்று கல்யாண வீட்டில் பார்த்துக்கொண்ட தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி பேசிவிட்டு வைத்துவிடுவோம். அந்த வண்டியின் பேச்சு ஒரு வார்த்தைகூட வரவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரே ஒரு முறை வந்தாய், மகளோடு. உன் அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். நங்கநல்லூருக்கு நீ போகவில்லை. என் வீட்டில் சாப்பிட்டாய். உன் மகள் ரசத்தை ஸ்பூனில் குடித்தாள். நீ அவளிடம் பேசியது முழுக்க இங்கிலீஷ், சாதம் வேண்டுமா என்பதுகூட. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த பொண்ணுக்கு ரெண்டு வார்த்தை தமிழ் சொல்லிக் குடுக்கக் கூடாதாடி? அவ்ளோ பெரிய துரைசானி ஆயிட்டியா?" என்றேன். "மோர் ஊத்து" என்றாய். அந்தக் கோபம் எனக்குப் போகவே இல்லை. போன வருஷம் உன் வீட்டுக்காரர் போன் செய்து நீ போய்விட்டாய் என்று சொன்னபோதுகூட, அழுகைக்கு நடுவில் அது இருந்தது. இனிமேல் உன் மகளிடம் நான் எந்த மொழியில் அழுவது என்று நினைத்தேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். சொல்லலாமா? இவ்வளவு எழுதிய பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. ரகசியம் என்றால் நீ அதைப் பெட்டி நிறையப் பெண்கள் இருக்கிற வண்டியிலா சொல்வாய்? நீ உரக்கத்தான் சொன்னாய். கேட்டவர்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். இப்போது புரிகிற ஒருத்தி கேட்கிறாள். நீ வேண்டாம் என்றால் ஏதாவது செய்து போனைக் கெடுத்துவிடு. நான் போய்ச் சாம்பாரைப் பார்க்கிறேன்.

*

போன் கெடவில்லை. மணி ஏழரை ஆகிறது. பேசி முடித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன்.

என் இங்கிலீஷ் சுமார்தான், பொறுத்துக்கொள் என்று ஆரம்பித்தேன். நிதானமாகச் சொல்லுங்கள் ஆன்ட்டி என்றாள். மாட்டின்மேல் மோதியதைச் சொன்னேன். மாடு விழவில்லை, அம்மாதான் விழுந்தாள் என்றதும் அப்படிச் சிரித்தாள், உன் சிரிப்பு. பாட்டுப் போட்டியைச் சொன்னேன். உறை ஊற்றிவிட்டுக் கண்ணை மூடி நிற்கிற பாட்டியைச் சொன்னேன். அவளுக்குப் பாட்டியின் பெயரே தெரியாது, அதையும் சொன்னேன். தடுமாறுவேன் என்றுதான் பயந்திருந்தேன். ஒன்றும் தடுமாறவில்லை. நீ சொன்ன வாக்கியங்களே, நீ சொன்ன வரிசையிலேயே வந்தன. இத்தனை வருஷம் என்னிடம் அவை கெடாமல் இருந்திருக்கின்றன. எனக்கே தெரியவில்லை.

பஸ் ஸ்டாப்பைச் சொல்லி முடித்ததும் லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். இருக்கிறேன் என்றாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், தமிழில்.

"எனக்குத் தமிழ் சொல்லித் தரவில்லை என்று அம்மாமேல் எனக்கு ரொம்ப நாள் கோபம், ஆன்ட்டி. காலேஜில் படிக்கும்போது ஒருநாள் நேராகவே கேட்டேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். 'தமிழில் பேச ஆரம்பித்தால் நான் நாள் முழுக்க அழுதுகொண்டிருப்பேன். அப்புறம் வீட்டில் யார் சமைப்பது?' என்றாள். ஜோக் அடிக்கிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன்."

மோர் ஊற்று என்று நீ சொன்னபோது உன் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். தேசம்மா இருந்திருந்தால் பார்த்திருப்பாள். போனிலும் நீ அதனால்தான் சௌக்கியமா சௌக்கியமா என்று அந்த ஒரு வார்த்தைக்கு மேல் நகராமல் நின்றாயா? நான் அந்தப் பழைய இங்கிலீஷில் உன்னை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. துரைசானியிடம் என் ஓட்டை இங்கிலீஷை எதற்குக் காட்ட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் நீயும் அவரும் முதலில் எங்கே பார்த்துக்கொண்டீர்கள் என்று சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருப்பதையெல்லாம் அவளிடம் கொடுத்துவிட வேண்டும். எனக்கும் வயசாகிறது, நான் போனால் உன் சின்ன வயசு மொத்தமும் என்னோடு போய்விடும்.

உன் மகளிடம் இங்கிலீஷில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் பேசிவிட்டுத்தான் போனை வைத்தேன். உன்னிடமும் அப்படியே நாலு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து உனக்குத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'எங்கடி போனே?' என்று ஒரு வரி எழுதி, அது எழுத்தே தெரியாமல் கண்ணீரில் நனைந்துபோக, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். இதிலும் இரண்டு இடத்தில் மை கலைந்திருக்கிறது. ராத்திரிக்கு இன்னும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பரவாயில்லை. எனக்கு ஒருத்திக்குத்தானே சமையல், தாமதமானால் ஆகட்டும்.